இயங்குதளக் கருவில் நேரடி நினைவக அணுகல்: முகவரிப் பொருத்தமும் உரிமைக் கைமாற்றமும்

முன்னுரை

கோப்பொன்றைச் சேமிக்கும்போதும் வலைப்பக்கம் ஒன்றைத் திறக்கும்போதும் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்கும்போதும் கணினியின் நினைவகத்திற்கும் வன்தட்டு, பிணைய அட்டை, ஒலி அட்டை முதலிய சாதனங்களுக்கும் இடையே தரவு பெயர்ந்துகொண்டே இருக்கிறது. இப்பெயர்ச்சி முழுவதையும் மையச் செயலகமே செய்து முடிக்கிறது என்று கருதுவோர் பலர். உண்மையில் அதன் பெரும்பகுதி மையச் செயலகத்தின் கைபடாமலேயே நிகழ்கின்றது. சாதனங்கள் தாமே நினைவகத்தை அணுகித் தரவை எழுதவும் படிக்கவும் செய்யும் இம்முறை ஆங்கிலத்தில் 'டைரக்ட் மெமரி ஆக்சஸ்' என்றும் சுருக்கமாக 'டி.எம்.ஏ.' என்றும் வழங்குகின்றது. தமிழில் இதனை 'நேரடி நினைவக அணுகல்' எனலாம்.

ஒரு நினைவகப் பகுதியை இரு தரப்பினர் ஒருவரையொருவர் அறியாமல் கையாளும் நிலை இதனால் உருவாகிறது. அவ்விருவருக்கும் இடையே ஒழுங்கை நிலைநாட்டுவது இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கருவின் பொறுப்பாகும். 'கெர்னல்' எனப்படும் இக்கரு அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றுகிறது என்பதை இக்கட்டுரை லினக்ஸ் இயங்குதளத்தைச் சான்றாகக் கொண்டு விளக்க முற்படுகிறது. லினக்ஸின் மூலநிரலும் அதற்கான விளக்க ஆவணங்களும் எவரும் படிக்கத்தக்க வகையில் திறந்திருப்பதே இத்தெரிவுக்குக் காரணமாகும். நேரடி நினைவக அணுகலுக்கான பொருத்தம் என்பது ஒரு முகவரியை மற்றொரு முகவரியாக மாற்றும் கணக்கு மட்டுமன்று. நினைவகத்தின் ஒரு பகுதி இக்கணத்தில் யாருக்கு உரியது என்பதை வரையறுக்கும் ஒப்பந்தமும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

தேவையும் தோற்றமும்

நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் இயங்கும் பிணைய அட்டையை எடுத்துக்கொள்வோம். அது ஒரு நொடியில் 12.5 கோடி பைட் வரை தரவைக் கொண்டுவரக்கூடியது. மையச் செயலகம் ஒரு தடவைக்கு நான்கு பைட் வீதம் இதனை அள்ளி நினைவகத்தில் வைப்பதாயின், ஒரே நொடியில் மூன்று கோடி தடவைக்கு மேல் அச்செயலைச் செய்தல் வேண்டும். சாதனத்தின் பதிவகத்தைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் அது காத்திருக்கவும் வேண்டும். வேறு பணி எதற்கும் நேரம் எஞ்சாது. எனவே, 'இன்ன இடத்தில் இத்தனை பைட்டை வை. முடித்ததும் அறிவி' என்று சாதனத்திற்குக் கட்டளையிட்டுவிட்டு மையச் செயலகம் தன் பிற பணிகளைக் கவனிக்கின்றது. பணி முடிந்ததும் சாதனம் 'இன்டரப்ட்' எனப்படும் குறுக்கீட்டின்வழி அதனைத் தெரிவிக்கின்றது.

1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியிலேயே இவ்வசதி இடம்பெற்றிருந்தது. இன்டெல் 8237 என்னும் சில்லு நான்கு தடங்களில் தரவுப் பெயர்ச்சியை நடத்தியது. அதன் முகவரிப் பதிவகம் 16 பிட் அகலமே உடையது. ஆகவே, ஒரு பெயர்ச்சி 64 கிலோபைட் எல்லையைத் தாண்ட இயலவில்லை. 1984இல் வந்த 'ஏ.டி.' வகைக் கணினியில் முகவரி 24 பிட் ஆக விரிந்தது. எனினும் 16 மெகாபைட்டுக்கு அப்பால் எட்ட முடியவில்லை. லினக்ஸ் கரு, நினைவகத்தின் தொடக்க 16 மெகாபைட்டைத் தனி மண்டலமாகப் பிரித்து வைத்ததற்கு இந்த வரம்பே காரணமாகும். 1990களில் பி.சி.ஐ. பாட்டை பரவியபின் பொதுவான சில்லு தேவைப்படாமல் ஒவ்வொரு சாதனமும் தானே நினைவகத்தை அணுகும் திறன் பெற்றது. பாட்டை என்பது சாதனங்களையும் நினைவகத்தையும் இணைக்கும் தரவுத் தடமாகும்.

ஓர் இடம், மூன்று முகவரிகள்

நினைவகத்தின் ஒரே இடத்திற்கு மூவகை முகவரிகள் இருக்கக்கூடும். முதலாவது, நிரல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரி. இரண்டாவது, நினைவகச் சில்லில் அவ்விடம் அமைந்துள்ள பௌதிக முகவரி. மூன்றாவது, சாதனம் தன் பக்கத்திலிருந்து அவ்விடத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் பாட்டை முகவரி.

மெய்நிகர் முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்றும் அட்டவணைகள் மையச் செயலகத்திற்கு உரியவை. சாதனத்திற்கு அவற்றைப் பற்றிய அறிவு இல்லை. நிரலின் பார்வையில் 64 கிலோபைட் அளவுள்ள இடையகம் ஒரே தொடராகத் தோன்றலாம். ஆனால், நினைவகம் 4 கிலோபைட் பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதால் அவ்விடையகம் பௌதிக நினைவகத்தில் பதினாறு வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கலாம். இதற்காகவே, பல துண்டுகளின் பட்டியலை ஒருங்கே பொருத்தித் தரும் 'சிதறல்–திரட்டல்' முறையைக் கரு வழங்குகின்றது.

சாதனத்தின் எட்டும் தொலைவும் கவனிக்கத்தக்கது. 32 பிட் முகவரி மட்டுமே அறிந்த சாதனம் முதல் 4 கிகாபைட்டுக்கு அப்பால் உள்ள நினைவகத்தை எட்டாது. கணினியில் 16 கிகாபைட் நினைவகம் இருப்பின், அதன் முக்காற்பங்கு அச்சாதனத்திற்கு இல்லாததற்கு ஒப்பாகும். எனவே, சாதன இயக்கி தன் சாதனம் எத்தனை பிட் முகவரியைக் கையாளும் என்பதைத் தொடக்கத்திலேயே கருவுக்கு அறிவித்தல் வேண்டும். அறிவிக்காவிடின் கரு 32 பிட் என்றே கொள்ளும்.

எட்டாத இடத்தை எட்டச் செய்ய இரு வழிகள் உள்ளன. ஒன்று, 'ஐ.ஓ.எம்.எம்.யூ.' எனப்படும் உள்ளீட்டு வெளியீட்டு நினைவக மேலாண்மை அலகு. இது சாதனத்திற்கும் நினைவகத்திற்கும் இடையே நின்று, சாதனம் தரும் முகவரியை உரிய பௌதிக முகவரியாக மாற்றுகின்றது. சிதறிய பக்கங்களைச் சாதனத்தின் கண்ணுக்குத் தொடராகக் காட்டவும் இதனால் இயலும். மற்றொன்று, இவ்வலகு இல்லாத கணினிகளில் கையாளப்படும் தாவல் இடையகம். கரு, சாதனம் எட்டக்கூடிய தாழ்ந்த நினைவகத்தில் வழக்கமாக 64 மெகாபைட் பகுதியை ஒதுக்கிவைத்து, தரவை அங்கே படியெடுத்துச் சாதனத்திற்குக் கொடுக்கின்றது. படியெடுக்கும் வேலை மையச் செயலகத்தின் தலையில் விழுவதால் இவ்வழி மெதுவானது, ஆயினும் நம்பகமானது.

இவற்றுள் எது நிகழ்கிறது என்பதைச் சாதன இயக்கியை எழுதுபவர் அறியவேண்டியதில்லை. பொருத்தம் வேண்டும் என்று அவர் கேட்கிறார். பயன்படுத்தத்தக்க முகவரி ஒன்றைக் கரு தருகிறது. டேவிட் மில்லர், ரிச்சர்ட் ஹெண்டர்சன், ஜாகுப் ஜெலினெக் ஆகியோர் எழுதிய லினக்ஸ் விளக்க ஆவணம் இம்முறையைச் சாதன இயக்கி எழுதுவோருக்கு விரித்துரைக்கின்றது. தொடக்கத்தில் பி.சி.ஐ. சாதனங்களுக்கெனத் தனியே இருந்த செயல்கூறுகள் பின்னர்ப் பொதுவாக்கப்பட்டன. பழைய பெயர்கள் 2022இல் கருவிலிருந்து நீக்கப்பட்டன.

பதுக்கு நினைவகத்தால் எழும் முரண்

முகவரிச் சிக்கல் தீர்ந்தாலும் அதனினும் நுட்பமான சிக்கலொன்று எஞ்சுகிறது. மையச் செயலகம் ஒவ்வொரு தடவையும் முதன்மை நினைவகம்வரை செல்வதில்லை. அண்மையில் பயன்படுத்தியவற்றின் படியைத் தன் அருகிலேயே பதுக்கு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இப்படிகள் 'பதுக்கு வரி' என்னும் அலகுகளாக, பெரும்பாலும் 64 பைட் அளவில், அமைகின்றன.

பள்ளி அலுவலகத்தில் மதிப்பெண் பேரேடு ஒன்று இருப்பதாகவும், ஆசிரியர் அதன் ஒரு பக்கத்தைப் படியெடுத்துத் தம் மேசையில் வைத்திருப்பதாகவும் கொள்வோம். எழுத்தர் பேரேட்டில் மதிப்பெண்ணைத் திருத்துகிறார். ஆசிரியரோ தம் மேசைப் படியைப் பார்த்தே பழைய மதிப்பெண்ணை வாசிக்கிறார். இதனினும் கேடான ஒன்றும் நிகழலாம். ஆசிரியர் முன்னரே தம் படியில் செய்துவைத்த மாற்றத்தை மாலையில் பேரேட்டில் ஏற்றும்போது, எழுத்தரின் திருத்தம் அழிந்துபோகிறது. இங்கு எழுத்தர் சாதனம்; ஆசிரியர் மையச் செயலகம்; மேசைப் படி பதுக்கு நினைவகம்.

எக்ஸ்86 வகைக் கணினிகளில் சாதனத்தின் அணுகலை வன்பொருளே கண்காணித்துப் பதுக்கு நினைவகத்தை ஒத்திசைய வைக்கிறது. ஆர்ம், மிப்ஸ் முதலிய செயலகங்களைக் கொண்ட உட்பொதி கணினிகள் பலவற்றில் இவ்வசதி இல்லை. ஆங்கெல்லாம் கருவே உரிய நேரத்தில் பதுக்கு வரிகளை நினைவகத்தில் எழுதிவைக்கவும், பழையவற்றைச் செல்லாதவையாக்கவும் வேண்டும். மேசைக் கணினியில் ஆண்டுக்கணக்கில் பழுதின்றி ஓடிய சாதன இயக்கி, சிறு பலகைக் கணினிக்கு மாற்றியவுடன் தரவைச் சிதைப்பதற்கு இவ்வேறுபாடு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

இருவகைப் பொருத்தங்கள்

இச்சூழலை எதிர்கொள்ள லினக்ஸ் கரு இருவகைப் பொருத்தங்களை வகுத்துள்ளது.

முதல் வகை, 'கோஹீரண்ட்' எனப்படும் ஒத்திசைந்த பொருத்தம். சாதனமும் மையச் செயலகமும் ஒரே பகுதியை எந்நேரமும் அணுகலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் தனி முயற்சியின்றிக் காணலாம். சாதனம் இயங்கும் காலம் முழுதும் நீடிக்கும் கட்டளைப் பட்டியல்களுக்கு இது ஏற்றது. வன்பொருள் ஒத்திசைவு இல்லாத கணினியில் இப்பகுதி பதுக்கு நினைவகத்தைத் தவிர்த்தே கையாளப்படுவதால், இதனை மிகுதியாகப் பயன்படுத்தினால் வேகம் குறையும்.

இரண்டாம் வகை, 'ஸ்ட்ரீமிங்' எனப்படும் ஓட்டப் பொருத்தம். ஒரு பெயர்ச்சிக்கென இடையகத்தைப் பொருத்துவதும், அது முடிந்தவுடன் விடுவிப்பதும் இதன் இயல்பு. இதில் தரவு செல்லும் திசையையும் இயக்கி அறிவித்தல் வேண்டும். சாதனத்தை நோக்கிச் செல்வதாயின், பதுக்கு நினைவகத்தில் உள்ள புதிய தரவைக் கரு முதன்மை நினைவகத்தில் எழுதிவைக்கும். சாதனத்திலிருந்து வருவதாயின், பழைய படிகள் பின்னர் வந்து புதிய தரவை அழித்துவிடாதவாறு அவற்றை அகற்றிவைக்கும். மையச் செயலகம் தேவைப்படும் என ஊகித்து முன்கூட்டியே தரவை எடுத்துவைக்கும் இயல்புடையது. ஆதலால், விடுவிக்கும்போது மீண்டும் ஒருமுறை படிகளைச் செல்லாதவையாக்க வேண்டியுள்ளது. இருவழி என்றும் அறிவிக்கலாம். ஆனால் அதற்கான வேலை மிகுதி.

ஓட்டப் பொருத்தத்தின் உள்ளார்ந்த விதி ஒன்றே. பொருத்திய கணத்திலிருந்து விடுவிக்கும் கணம்வரை அவ்விடையகம் சாதனத்திற்கு உரியது. இடையில் மையச் செயலகம் பார்க்க விரும்பினால், 'செயலகத்திற்காக ஒத்திசை' என்னும் செயல்கூறால் உரிமையைத் தற்காலிகமாகப் பெற்று, பின்னர் 'சாதனத்திற்காக ஒத்திசை' என்னும் செயல்கூறால் திருப்பித் தருதல் வேண்டும்.

ஒரு தரவுப் பொதியின் பயணம்

பிணைய அட்டை ஒரு தரவுப் பொதியைப் பெறும் நிகழ்வில் இவை அனைத்தையும் ஒருங்கே காணலாம். முதலில் இயக்கி, ஒத்திசைந்த பொருத்தத்தின்வழி வளைய வடிவிலான விவரணைப் பட்டியல் ஒன்றை அமைக்கின்றது. பின்னர் ஒவ்வொரு பொதிக்கும் வெற்று இடையகத்தை ஒதுக்கி, 'சாதனத்திலிருந்து' என்னும் திசையில் பொருத்துகின்றது. பொருத்தம் தோல்வியுறவும் கூடும் என்பதால் கிடைத்த முகவரி செல்லத்தக்கதா என்று சோதிக்கின்றது. அதன்பின் அம்முகவரியைப் பட்டியலில் எழுதி, இறுதியாக 'இது இனிச் சாதனத்திற்கு உரியது' எனக் காட்டும் உரிமைப் பிட்டை அமைக்கின்றது.

இவ்வரிசை மாறலாகாது. முகவரி எழுதப்படும் முன்னரே உரிமைப் பிட் சாதனத்தின் கண்ணில் பட்டால், அது பழைய முகவரியில் தரவைக் கொட்டிவிடும். செயலகங்கள் எழுத்துகளின் வரிசையை மாற்றிச் செய்யக்கூடியவை. ஆதலால், இரண்டிற்கும் இடையே நினைவகத் தடுப்பு என்னும் கட்டளையை இடுவது கட்டாயமாகும். ஒத்திசைந்த பொருத்தம் என்பதனாலேயே வரிசையும் காக்கப்படும் என்று கருதுவது தவறு.

பொதி வந்ததும் சாதனம் இடையகத்தில் எழுதி, உரிமைப் பிட்டை மாற்றி, குறுக்கீட்டை எழுப்புகின்றது. இயக்கி இடையகத்தை விடுவித்த பின்னரே பொதியைப் பிணைய அடுக்கிற்கு மேலனுப்புகிறது. பொதி மிகச் சிறியதாயின், ஒத்திசைத்துப் படியெடுத்துக்கொண்டு அதே இடையகத்தை மீண்டும் சாதனத்திடம் ஒப்படைப்பதும் உண்டு. 1,500 பைட் பொதிகளாயின் ஒரு கிகாபிட் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 81,000 தடவை இச்சுழற்சி நிகழக்கூடும்.

ஓசையின்றி நிகழும் பிழைகள்

இவ்விதிகளை மீறினால் கணினி உடனே நின்றுவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. மீறல் பெரும்பாலும் ஓசையின்றியே நிகழ்கின்றது. விளைவு வேறோரிடத்தில், வேறொரு நேரத்தில் வெளிப்படுகின்றது.

சான்றாக, ஒரு தரவமைப்பில் 16 பைட் இடையகமும் அதன் அருகில் எண்ணி ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே பதுக்கு வரியில் அமையும். சாதனம் இடையகத்தில் எழுதும் வேளையில் செயலகம் எண்ணியைக் கூட்டுகிறது. வன்பொருள் ஒத்திசைவு இல்லாத கணினியில் அவ்வரி முழுதும் திரும்ப எழுதப்படும்போது சாதனம் எழுதிய தரவு அழிகின்றது. இடையகத்தை இயக்கி தொடவே இல்லை. ஆயினும் பழுது நேர்கிறது. இடையகங்கள் பதுக்கு வரியின் எல்லையில் தொடங்கி எல்லையில் முடியவேண்டும் என்னும் விதி இதனாற் பிறந்தது.

செயல்கூறின் அடுக்கு நினைவகத்தில் உள்ள மாறியைச் சாதனத்திடம் கொடுத்தல் இன்னொரு பிழையாகும். இது நெடுங்காலமாகத் தடைசெய்யப்பட்டிருந்தும், பல இயக்கிகள் அவ்வாறு செய்து தற்செயலாகத் தப்பிவந்தன. 2016 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.9 பதிப்பு எக்ஸ்86 கணினிகளில் அடுக்கினை மெய்நிகர் முகவரிப் பரப்பிற்கு மாற்றும் வசதியைக் கொணர்ந்தபோது அப்பிழைகள் வெளிச்சத்திற்கு வந்தன. பொருத்தியதை விடுவிக்க மறத்தல் மற்றொன்று. தாவல் இடையகமோ சாதன முகவரிப் பரப்போ சிறிது சிறிதாகத் தீர்ந்து, பல நாள் கழித்துப் பொருத்தம் தோல்வியுறும்.

இத்தகைய பிழைகளைக் கண்ணால் தேடுவது அரிது. ஆகவே, 2009இல் வெளிவந்த 2.6.30 பதிப்பில் யோர்க் ரோடல் உருவாக்கிய சோதனை வசதி இணைக்கப்பட்டது. அது ஒவ்வொரு பொருத்தத்தையும் ஏட்டில் பதிவுசெய்து, பொருத்தாததை விடுவித்தல், அளவு அல்லது திசை மாறி விடுவித்தல் முதலியவற்றை எச்சரிக்கின்றது.

பாதுகாப்பும் வேகமும்

இதுவரை சாதனம் நேர்மையானது என்று கொண்டோம். அது நேர்மையற்றதாயின் என்ன ஆகும்? 2004ஆம் ஆண்டிலேயே ஃபயர்வயர் இணைப்பில் ஐபாட் கருவியைச் செருகிக் கணினியின் நினைவகத்தை அணுகக்கூடும் என்பதை மாக்சிமில்லியன் டார்ன்சைஃப் எடுத்துக்காட்டினார். கடவுச்சொல், மறைகுறியீட்டுத் திறவுகோல் என எதுவும் அத்தகைய சாதனத்திற்கு மறைவானதன்று.

ஐ.ஓ.எம்.எம்.யூ. அலகு இதற்குக் காவலாகின்றது. பொருத்தப்பட்ட பக்கங்களைத் தவிர வேறெதையும் சாதனம் அணுக அது விடுவதில்லை. ஆயினும் அதன் காவல் பக்க அளவிலேயே அமைகின்றது. 4,096 பைட் பக்கத்தில் 1,500 பைட் பொதி ஒன்று இருப்பின், எஞ்சிய 2,596 பைட்டில் உள்ள தொடர்பற்ற தரவும் சாதனத்தின் பார்வைக்கு வந்துவிடுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ரைஸ் பல்கலைக்கழகம், எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட 'தண்டர்கிளாப்' ஆய்வு, காவல் அலகு இயங்கும் கணினிகளிலும் இத்தகைய இடைவெளிகளைக் கொண்டு ஊடுருவ இயலும் என நிறுவியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4 பதிப்பில், நம்பகமற்ற சாதனங்களுக்குப் பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் தரவேண்டிய வேளைகளில் தாவல் இடையகத்தைப் பயன்படுத்தும் முறை இன்டெல் கணினிகளுக்குச் சேர்க்கப்பட்டது. எட்டாமைக்கு மாற்றாகத் தோன்றிய ஓர் உத்தி, இங்கே மறைப்புத் திரையாக மறுபயன் பெற்றமை கருதத்தக்கது.

விடுவித்தலிலும் ஓர் இழுபறி உண்டு. காவல் அலகு தான் மொழிபெயர்த்த முகவரிகளை நினைவில் வைத்திருக்கும். விடுவித்தவுடன் அந்நினைவை அழிப்பது பாதுகாப்பானது. ஆனால் நேரம் பிடிக்கும். பலவற்றைச் சேர்த்து ஒருசேர அழிப்பது விரைவானது. ஆனால் லினக்ஸில் அதுவரை 10 மில்லிநொடி அளவும் கடக்கலாம். அவ்விடைவெளியில் மேற்கூறிய இணைப்பில் 800க்கும் மேற்பட்ட பொதிகள் வந்துவிடும். அவற்றின் இடையகங்கள் விடுவிக்கப்பட்ட பின்னரும் சாதனத்திற்குத் திறந்தே கிடக்கும். வேகமா, காப்பா என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. கணினியை நிருவகிப்பவர் சூழலுக்கேற்பத் தெரிவுசெய்கிறார்.

கலைச்சொல் பற்றிய ஒரு கருத்து

'மேப்பிங்' என்னும் சொல்லை நேரே பெயர்த்தால் மாணவர் உள்ளத்தில் நிலப்படம் வரைவதே தோன்றும். 'பொருத்தம்' எனும்போது இரு முகவரிகள் இணைவது விளங்குகிறது. ஆயினும் இவ்விரு சொற்களிலும் உரிமை மாறும் செய்தி இல்லை. ஓட்டப் பொருத்தத்தைக் கற்பிக்கும்போது 'ஒப்படைத்தல்', 'மீட்டல்' என்னும் வினைகளையும் உடன் வழங்கினால், ஒப்படைத்ததை மீட்குமுன் தொடலாகாது என்னும் விதி சொல்லிலேயே அடங்கிவிடும். ஒரு துறையின் இயக்கத்தை உள்வாங்கிய பின்னரே அதற்குரிய சொல் அமையவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

முடிவுரை

நேரடி நினைவக அணுகல் மையச் செயலகத்தின் சுமையைக் குறைப்பதற்காகத் தோன்றியது. அதன் விளைவாக எழுந்த முகவரி வேறுபாடு, பதுக்கு நினைவக முரண், காவல் தேவை ஆகிய மூன்றையும் லினக்ஸ் கரு ஒரே இடைமுகத்தின்கீழ்க் கொண்டுவந்துள்ளது. ஒப்படைப்பது யார், எத்திசையில், எவ்வளவு, எப்போது மீட்பது என்னும் வினாக்களுக்கு இயக்கி உண்மையான விடையளிக்கும்வரை, கரு எஞ்சியதைப் பார்த்துக்கொள்கிறது. விடை பிறழ்ந்தால் கணினி அதனைப் பல வேளைகளில் சுட்டிக்காட்டுவதில்லை. பயனரின் கோப்பிலோ செய்தியிலோ சில பைட்டுகள் மட்டும் மாறிப்போகின்றன. இவ்வொழுங்கைக் கணினிக் கல்வியின் தொடக்க நிலையிலேயே தமிழில் தெளிவாக விளக்குதல் பயனுடையதாகும்.